டிக்ஸி டீனும் அறுபது கோலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்தில் எந்த ஸ்ட்ரைக்கராவது ஒரு சீசனில் முப்பது கோலைத் தாண்டிவிட்டால், டி.வி. திரையின் ஓரத்தில் ஒரு பழைய பெயர் எட்டிப் பார்க்கும். டிக்ஸி டீன், எவர்டன், 1927-28, 60 கோல். "அது 60-ஆ, 30-ஆ? தப்பா அடிச்சிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். அந்தக் கேள்விகளையும், அவற்றிலிருந்து கிளைத்த மற்ற கேள்விகளையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

யார் இந்த டிக்ஸி டீன்?

முழுப்பெயர் வில்லியம் ரால்ஃப் டீன். 1907 ஜனவரி 22 அன்று பர்க்கன்ஹெட்டில் பிறந்தார். லிவர்பூல் நகரத்துக்கு நேர் எதிரே, மெர்சி ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஊர் அது. அப்பா ரயில் எஞ்சின் ஓட்டியவர். டீனுக்கு எட்டு வயதானபோது அவர்தான் லிவர்பூல் நகரத்து கிளப்பான எவர்டனின் ஆட்டம் பார்க்க மகனைக் கூட்டிப்போனார். அந்த 1914-15 சீசனில் எவர்டன் லீக் பட்டமும் வென்றது. பையன் அதோடு எவர்டன் பக்கம் சாய்ந்தவன்தான்.

1925 முதல் 1938 வரை எவர்டனுக்கு சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிப்பவர். அந்த ஒரு கிளப்புக்காக மட்டும் 399 லீக் ஆட்டங்களில் 349 கோல். எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 433 ஆட்டங்களில் 383 கோல். இரண்டு முறை லீக் பட்டம், ஒரு முறை எஃப்.ஏ. கோப்பை (லீக்குக்கு வெளியே நடக்கும் நாக்-அவுட் போட்டி).

ஒரே சீசனில் 60 கோல் என்பது உண்மைதானா? கோப்பை ஆட்டங்கள், நட்பு ஆட்டங்களை எல்லாம் கூட்டிச் சொல்கிறார்களா?

உண்மைதான், எதையும் கூட்டவில்லை. 1927-28 சீசனின் முதல் டிவிஷன் (அன்றைய இங்கிலாந்தின் உச்ச லீக்) ஆட்டங்களில் மட்டும் 60. எஃப்.ஏ. கோப்பையில் அடித்த 3 கோல் தனி. அப்போது லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் 42 ஆட்டங்கள். டீன் ஆடியது 39.

அந்த சீசனில் எவர்டன் அடித்த மொத்த கோல்கள் 102. அணியில் மற்ற எல்லோரும் சேர்ந்து அடித்தது 42, இவர் ஒருவர் அடித்தது 60. முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடாமல் கோல் போட்டார். அதில் ஒன்பதாவது ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை எவர்டன் 5-2 என்று வென்றது. ஐந்தும் டீன் அடித்தவை. லிவர்பூல் அணியின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கே போய் அந்த அணிக்கு எதிராக ஹாட்ரிக் (மூன்று கோல்) போட்டதும் இந்த சீசனில்தான். மொத்தம் ஏழு ஆட்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ அடித்தார்.

கடைசி நாள் என்ன நடந்தது? அதை ஏன் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்?

இதற்கு முந்தைய வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். 1926-27-இல் இரண்டாம் டிவிஷனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 59 கோல் அடித்திருந்தார். அதுதான் இங்கிலாந்து லீக் சாதனை. ஒரு வருஷம்கூட ஆகாத, ஈரம் காயாத சாதனை. முதல் டிவிஷன் சாதனையாக இருந்த 43-ஐ (பிளாக்பர்னின் டெட் ஹார்ப்பர், 1925-26) டீன் எளிதாகத் தாண்டிவிட்டார். ஆனால் கேம்செலின் 59 எட்டாத உயரத்தில்தான் இருந்தது. இரண்டே ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது டீனின் கணக்கு 53. இரண்டு ஆட்டத்தில் ஏழு கோல் வேண்டும். யார் கேட்டாலும் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 28 அன்று பர்ன்லி ஊரில் ஆட்டம். 5-3 என்று எவர்டன் வெற்றி, டீனுக்கு நான்கு கோல். ஆனால் காலில் பிடிப்பு. அடுத்த ஒரு வாரம் எவர்டன் பயிற்சியாளர் ஹாரி குக்குக்கு வேறு வேலையே இல்லை, அந்தக் காலைத் தேற்றி எடுப்பதுதான் வேலை.

மே 5, 1928, எவர்டனின் அப்போதைய மைதானமான குடிசன் பார்க். எதிரணி ஆர்சனல். பட்டம் ஏற்கெனவே எவர்டனுக்கு உறுதியாகிவிட்டது. துரத்திக்கொண்டிருந்த ஹட்டர்ஸ்ஃபீல்டு இரண்டு புள்ளி பின்னால் நின்றுவிட்டது. ஆக, கூட்டம் வந்தது மூன்று கோலை எண்ணத்தான். ஆர்சனல் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டது. டீன் சில நிமிஷங்களில் சமன் செய்தார். அப்புறம் பெனால்டியில் ஒன்று. கணக்கு 59. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு வந்துவிட்டதால் மூன்றாவதும் உடனே வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். வரவில்லை. இடைவேளை போனது, ஆர்சனல் திரும்பவும் சமன் செய்தது, நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது எவர்டனுக்கு ஒரு கார்னர். இடது விங்கர் அலெக் ட்ரூப் பந்தைத் தூக்கிப் போட்டார். டீன் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டினார். அறுபது.

கடைசியில் ஆர்சனல் இன்னொன்று போட்டு 3-3 என்று ஆட்டம் முடிந்தது. அது யாருக்கும் ஞாபகம் இல்லை. கோல் விழுந்ததும் ரசிகர் ஒருவர் மைதானத்துக்குள் ஓடிவந்து, தாடி குத்த முத்தம் கொடுக்கப் பார்த்தார் என்று டீன் வயதான பிறகும் சொல்லிச் சிரிப்பார்.

அலெக் ட்ரூப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். ஸ்காட்லாந்தின் ஃபார்ஃபர் ஊர்க்காரர், குள்ளமான மனிதர். தோள்பட்டை எலும்பு அடிக்கடி விலகும் என்பதால் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஆடுவார். டீனின் தலைக்கு வந்த பந்துகளில் பெரும்பங்கு இவர் காலிலிருந்து வந்தவை.

ஆஃப்சைடு விதியை மாற்றியதால்தானே இத்தனை கோல்? இன்றைக்கு அப்படி அடிக்க முடியுமா?

நான் எதிர்பார்க்கும் கேள்வி இது. பாதி சரியான கேள்வி.

1925 கோடை வரை, முன்னால் நிற்கும் ஆட்டக்காரருக்குப் பந்தை அனுப்பும்போது அவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். கோல்கீப்பரும் அந்த மூன்றில் சேர்த்தி. இல்லாவிட்டால் அது ஆஃப்சைடு என்ற தவறு. நியூகாசிலின் பில் மெக்ராக்கன் போன்ற கெட்டிக்கார ஃபுல்பேக்குகள் (கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள்) இதை வைத்துக்கொண்டு பிழைத்தார்கள். ஒருவர் சும்மா நாலு அடி முன்னால் நகர்ந்தால் போதும், எதிரணியின் தாக்குதல் வரிசையே ஆஃப்சைடு. அவர் தப்புக்கணக்குப் போட்டாலும் பின்னால் காப்பாற்ற இன்னொரு ஃபுல்பேக் இருப்பார். ஆட்டம் மைதானத்தின் நடுவிலேயே திணறிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த கூட்டத்துக்குச் சலித்துப்போனது.

1925-இல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். அவ்வளவுதான், அணை உடைந்தது. இங்கிலாந்து லீக்கின் எல்லா டிவிஷன்களிலும் 1924-25-இல் விழுந்த கோல்கள் 4,700. அடுத்த சீசனில் 6,373. முதல் டிவிஷனில் மட்டும் 1,192 என்பது 1,703 ஆனது. ஹார்ப்பரின் 43, கேம்செலின் 59, டீனின் 60 எல்லாம் இந்த வெள்ளத்தில் வந்தவைதான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் மழை எல்லார் வயலிலும்தான் பெய்தது. முதல் டிவிஷனில் 22 அணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சென்டர் ஃபார்வர்டு. எல்லோருக்கும் அதே விதி, அதே திணறிய தடுப்பாட்டம். அறுபது அடித்தவர் ஒருவர்தான். 1930-31-இல் ஆஸ்டன் வில்லாவின் பாங்கோ வேரிங் 49 அடித்தார். முதல் டிவிஷனில் டீனுக்கு அடுத்த இடம் இன்றுவரை அதுதான். இரண்டுக்கும் நடுவில் 11 கோல் இடைவெளி.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புது விதிக்கு மாற்றும் சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டது. 1925 அக்டோபரில் நியூகாசிலிடம் ஆர்சனல் 0-7 என்று உதை வாங்கியது. அதற்குப் பிறகு ஆர்சனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மனும் கேப்டன் சார்லி புக்கனும் உட்கார்ந்து யோசித்து, அதுவரை நடுவில் சுதந்திரமாக உலாவிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். அவருக்கு ஒரே வேலை, எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை நிழல்போல ஒட்டிக்கொண்டிருப்பது. மற்ற அணிகளும் ஒவ்வொன்றாக இதற்கு மாறின. 1931-32-இல் எவர்டன் திரும்பவும் லீக் பட்டம் வென்றபோது இந்த ஏற்பாடு பரவலாகிவிட்டது. அந்த சீசனில் டீன் அடித்தது 45. விதி தந்த வரம் வற்றிய பிறகும் 45 அடித்தவரை விதியின் குழந்தை என்று எப்படிச் சொல்வது?

வேடிக்கை என்னவென்றால், சென்டர் ஃபார்வர்டுகளை அடக்க வழி சொன்ன அதே சார்லி புக்கனின் கடைசி ஆட்டம், 1928 மே 5 அன்று குடிசன் பார்க்கில் நடந்த அதே ஆட்டம்தான். எதிரணியில் நின்று அறுபதாவது கோலைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார்.

இன்றைய ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலந்தோடு ஒப்பிட்டால்?

ஒப்பிடாமல் இருப்பதுதான் மரியாதை. ஆனாலும் கேட்கிறீர்கள். 2022-23-இல் எர்லிங் ஹாலந்து 35 ஆட்டங்களில் 36 கோல் அடித்தார், பிரீமியர் லீக் (இன்றைய உச்ச லீக்) சாதனை. அந்த சீசனில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 2.85 கோல் விழுந்தது. விதி மாறிய பிறகு டீன் காலத்து முதல் டிவிஷனில் சுமார் 3.7. வீட்டுக் கணக்காக, ஹாலந்தின் 36-ஐ அந்தக் காலத்து விகிதத்துக்கு உயர்த்தினால் 47 வரும். அப்போதும் டீன் முன்னால்தான்.

இந்தக் கணக்கில் பெரிய அறிவியல் ஏதும் இல்லை. டீன் காலத்தில் தடுப்பாட்டக்காரர்களின் உடல்தகுதியும் பயிற்சியும் இன்றைய அளவுக்கு இல்லை. அதே சமயம் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடும் இல்லை, பின்னாலிருந்து உதைத்தால் உடனே அட்டை காட்ட ஆளும் இல்லை. மைதானம் ஜனவரியில் சேற்று வயல். இரண்டு பக்கமும் வாதம் செய்யலாம், முடிவு வராது.

பிரிட்டனில் அறுபதைத் தாண்டியவரே கிடையாதா?

உண்டு, அதுவும் அதே 1927-28 சீசனில். ஸ்காட்லாந்தின் இரண்டாம் டிவிஷனில் ஏர் யுனைடெட் அணியின் ஜிம்மி ஸ்மித் 38 ஆட்டங்களில் 66 அடித்தார். டீனின் 60 இங்கிலாந்து லீக்கின் சாதனை. "உலக சாதனை" என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிதானித்து எழுதலாம்.

தலையால் முட்டுவதில் அப்படி என்ன தனித்திறமை?

டீன் அப்படியொன்றும் உயரம் இல்லை, ஆறடிக்கும் குறைவு, ஐந்தடி பத்தரை அங்குலம். எழும்பும் நேரத்தைக் கணிப்பதில்தான் சூட்சுமம். மற்றவர்கள் இறங்கும்போது இவர் மேலே இருப்பார். அப்புறம், பந்தை வெறுமனே மோதவிடாமல் கழுத்தைத் திருப்பி எங்கே வேண்டுமோ அங்கே அனுப்புவார், உதைத்தது மாதிரி.

அந்தக் காலத்துப் பந்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். தைத்த தோல், ஒரு பக்கம் வாய் கட்டிய கயிறு. மழையில் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். கயிறு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். அதைத்தான் வாரா வாரம் முட்டினார். கால்களும் சும்மா இல்லை, இரண்டு காலாலும் அடிப்பவர். தலையைப் பற்றிய பேச்சில் அது மறந்துபோகிறது.

லிவர்பூல் கோல்கீப்பர் தெருவில் பாய்ந்த கதை?

எலிஷா ஸ்காட் என்பவர் லிவர்பூலின் கோல்கீப்பர். ஒரு நாள் தெருவில் எதிரே வந்த டீன், வணக்கம் சொல்கிற மாதிரி தலையை ஆட்டினாராம். ஸ்காட் அனிச்சையாகப் பக்கவாட்டில் பாய்ந்து பந்தைப் பிடிக்கப் போனாராம். எவர்டனும் லிவர்பூலும் மோதும் டெர்பி ஆட்டத்துக்கு முன்னால் "நன்றாகத் தூங்கு" என்று டீன் அவருக்கு ஆஸ்பிரின் மாத்திரை அனுப்பிவைப்பார் என்று இன்னொரு கதை. எவ்வளவு உண்மை, எவ்வளவு மசாலா என்று பிரிக்க முடியாத கதைகள் இவை. இருவரும் நல்ல நண்பர்கள் என்பதும், மெர்சிசைடு டெர்பியில் டீன் 19 கோல் அடித்தார் என்பதும் உண்மை. அந்தக் கணக்கைத் தாண்ட லிவர்பூலுக்கு இயன் ரஷ் வர வேண்டியிருந்தது.

தொடக்கம் எப்படி? நேராக எவர்டனுக்கா?

இல்லை. பதினான்கு வயதில் படிப்பை விட்டுவிட்டு ரயில்வே பட்டறையில் வேலைக்குப் போனார். பகலில் பந்து ஆட வேண்டும் என்பதற்காக இரவு ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பென்ஸ்பி யுனைடெட் என்ற சின்ன அணியில் ஆடியதைப் பார்த்து உள்ளூர் கிளப்பான டிரான்மியர் ரோவர்ஸ் கூப்பிட்டது. பதினாறு வயதில் மூன்றாம் டிவிஷனில் முதல் ஆட்டம். அங்கே 30 லீக் ஆட்டங்களில் 27 கோல்.

1925 மார்ச்சில் எவர்டன் 3,000 பவுண்டு கொடுத்து எடுத்துக்கொண்டது. எவர்டன் செயலாளர் டாம் மெக்கின்டாஷ், வுட்சைடு ஹோட்டலில் காத்திருக்கிறார் என்று தெரிந்ததும் டீன் வீட்டிலிருந்து இரண்டரை மைல் ஓடியே போனார். வேறு சில கிளப்புகளும் கேட்டுக்கொண்டிருந்தன. அவருக்கு எவர்டன்தான் வேண்டும்.

பயங்கரமான காயம் ஒன்று பட்டதாகச் சொல்கிறார்களே?

இரண்டு. முதலாவது டிரான்மியரில் இருந்தபோது. ஒரு ரிசர்வ் (இரண்டாம் அணி) ஆட்டத்தில் ஒரு தடுப்பாட்டக்காரரின் உதை தொடையிடுக்கில் விழுந்து, ஒரு விரையை அகற்ற வேண்டியதாயிற்று. வயது பதினேழு.

இரண்டாவது 1926 ஜூனில். எவர்டனில் முதல் முழு சீசனை 32 கோலோடு முடித்த கையோடு, வட வேல்ஸில் ஹோலிவெல் அருகே மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டையோட்டிலும் தாடையிலும் முறிவு. பிழைப்பதே பெரிது, இனிமேல் பந்தைத் தலையால் தொடக்கூடாது என்ற நிலை. அக்டோபரில் ஹட்டர்ஸ்ஃபீல்டில் நடந்த ரிசர்வ் ஆட்டத்தில் திரும்பி வந்தார், தலையாலேயே ஒரு கோல் போட்டார். அந்த சீசனில் மிச்சமிருந்த 27 லீக் ஆட்டங்களில் 21 கோல்.

மண்டைக்குள் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள், அதனால்தான் பந்து அப்படிப் பறக்கிறது என்று ரசிகர்கள் கதை கட்டிவிட்டார்கள். கட்டுக்கதைதான். ஆனால் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் அதை நம்பியிருந்தால் எவர்டனுக்கு லாபம்தானே.

"டிக்ஸி" என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

டிக்ஸி என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களைக் குறிக்கும் சொல். டீனுக்குக் கொஞ்சம் கறுத்த நிறம், சுருட்டை முடி. அதை வைத்துத்தான் கூட்டம் அந்தப் பெயரைக் கட்டியது என்பது பலரும் சொல்வது. சிறுவயதில் ஆடிய ஒரு தொட்டுப்பிடி விளையாட்டிலிருந்து வந்த பெயர் மருவியது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எதுவானாலும் அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. நெருங்கியவர்களுக்கு அவர் "பில்". இந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே "டிக்ஸி" என்று வைத்திருக்கிறேன், தெரிந்துதான். வேறு பெயர் வைத்தால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது.

டீன் ஆடும்போதே எவர்டன் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதாமே?

ஆமாம், பட்டம் வென்ற இரண்டே வருஷத்தில், 1929-30-இல். அந்த சீசனில் காயங்களால் டீன் 17 ஆட்டங்கள் ஆடவில்லை. ஆடிய 25-இல் 23 கோல் போட்டும் அணி கடைசி இடத்தில் முடிந்தது. அடுத்த சீசன் இரண்டாம் டிவிஷனில் 37 ஆட்டங்களில் 39 கோல், அணி 121 கோலோடு முதலிடம். மேலே ஏறிய உடனே 1931-32-இல் முதல் டிவிஷன் பட்டம். அந்த இலையுதிர் காலத்தில் குடிசன் பார்க்கில் ஷெஃபீல்டு வென்ஸ்டே 9-3, நியூகாசில் 8-1, செல்சி 7-2, லெஸ்டர் 9-2 என்று வந்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். 1933-இல் எஃப்.ஏ. கோப்பை. இறங்கி, ஏறி, பட்டம், கோப்பை என்று தொடர்ச்சியாக நான்கு சீசன் இப்படிப் போன கிளப்பைக் காண்பது அரிது.

இங்கிலாந்துக்கு ஏன் 16 ஆட்டம் மட்டும்? உலகக் கோப்பையில் ஆடவில்லையா?

16 ஆட்டங்களில் 18 கோல். 1927 பிப்ரவரியில், மண்டை உடைந்து எட்டு மாதத்தில், வேல்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம்: இரண்டு கோல். அடுத்து கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இரண்டு கோல், 2-1 வெற்றி. ஸ்காட்லாந்து மண்ணில் இங்கிலாந்து 1904-க்குப் பிறகு வென்றது அன்றுதான். பெல்ஜியத்துக்கு எதிராக ஹாட்ரிக், லக்சம்பர்குக்கு எதிராக ஹாட்ரிக், பிரான்சுக்கு எதிராக இரண்டு. முதல் ஐந்து ஆட்டத்தில் 12 கோல்.

1932-க்குப் பிறகு கூப்பிடவில்லை. அப்போது அணியைத் தேர்ந்தெடுத்தது மேனேஜர் அல்ல, ஒரு குழு. இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதே 18 கோலை ஜார்ஜ் கேம்செல் ஒன்பதே ஆட்டத்தில் அடித்தார், ஒன்பதிலும் கோல். அவரையும் பத்தாவது ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை!

உலகக் கோப்பை விஷயம் வேறு. அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு வேலை நஷ்ட ஈடு கொடுக்கலாமா என்ற தகராறில் பிரிட்டன் சங்கங்கள் 1928-இல் ஃபிஃபாவை விட்டு வெளியேறின. 1930, 1934, 1938 மூன்றிலும் இங்கிலாந்து இல்லை. டீன் நல்ல ஃபார்மில் இருந்த வருஷங்கள் அப்படியே கழிந்தன.

9-ஆம் எண் சட்டையை முதலில் போட்டவர் இவர்தானா?

எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போட்ட முதல் ஆள் இவர். 1933 ஏப்ரல் 29, வெம்பிளி. முதன்முறையாக இறுதி ஆட்டத்தில் சட்டையில் எண் வைத்தார்கள். எவர்டனுக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22. எவர்டன் 3-0 வெற்றி. இரண்டாவது கோல் டீன். கேப்டனும் அவரே. லீக் ஆட்டங்களில் எண் கட்டாயமானது 1939-இல்தான். எவர்டன் ரசிகர்கள் 9-ஆம் எண்ணை இன்றும் சாமி சட்டை மாதிரி பேசுவதற்கு இங்கேதான் தொடக்கம்.

நிறையச் சம்பாதித்தாரா?

வாரத்துக்கு எட்டு பவுண்டு. லீக் வைத்திருந்த உச்சவரம்பு அது. கோடை விடுமுறையில் ஆறு. அறுபது கோல் அடித்தாலும் அதுதான், ஆறு கோல் அடித்த சக ஆட்டக்காரருக்கும் அதுதான். இந்த உச்சவரம்பு 1961-இல்தான் ஒழிந்தது. அதுவரை ஒரு கிளப் ஆட்டக்காரரை ஆயிரக்கணக்கில் விற்கலாம், அவருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எவர்டன் ஏன் அவரை விட்டது?

1937 புத்தாண்டையொட்டி டாமி லாட்டன் என்ற 17 வயதுப் பையனை பர்ன்லியிலிருந்து 6,500 பவுண்டுக்கு வாங்கினார்கள். லிவர்பூலில் வந்து இறங்கி டிராமில் ஏறியபோது, நீ ஒருநாளும் டிக்ஸி ஆக முடியாது என்று கண்டக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் என்பது லாட்டனே பின்னாளில் சொன்ன கதை. தன் இடத்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று டீனுக்குத் தெரியும். ஆனாலும் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலையால் முட்டும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். லாட்டன் கடைசிவரை அதை நன்றியோடு சொன்னார்.

டீனுக்கு முப்பதுதான் ஆகியிருந்தது, ஆனால் உடம்பில் அடிபடாத இடம் இல்லை. 1936-இல் ஸ்டீவ் புளூமரின் 352 லீக் கோல் சாதனையைத் தாண்டியவர், 1937-38-இல் ஐந்து ஆட்டம் ஆடி ஒரே கோல். 1938 மார்ச்சில் நாட்ஸ் கவுண்டிக்கு விற்றுவிட்டார்கள், வாங்கிய அதே 3,000 பவுண்டுக்கு. நிர்வாகத்தோடு உறவும் கசந்திருந்தது. ஒரு வழியனுப்புகூட ஒழுங்காக நடக்கவில்லை.

அதற்குப் பிறகு?

நாட்ஸ் கவுண்டியில் ஒன்பது ஆட்டம், மூன்று கோல். 1939 தொடக்கத்தில் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ். அங்கே ஏழு லீக் ஆட்டத்தில் 10 கோல், அதில் ஒரே ஆட்டத்தில் ஐந்து. அயர்லாந்துக் கோப்பை இறுதியில் ஷெல்போர்னுக்கு எதிராகக் கோல் போட்டார். ஆட்டம் 1-1, மறு ஆட்டத்தில் தோல்வி. அவருடைய பதக்கத்தை ஹோட்டல் அறையிலிருந்து யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். பல வருஷம் கழித்து அது ஒரு பொட்டலமாகத் திரும்பி வந்தது. எடுத்தவருக்கு மனசாட்சி குத்தியிருக்கும்.

உலகப் போரில் ராணுவச் சேவை. போருக்குப் பிறகு செஸ்டர் நகரில் டப்ளின் பாக்கெட் என்ற மதுக்கடையைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் நடத்தினார். அப்புறம் லிவர்பூலில் லிட்டில்வுட்ஸ் கால்பந்துப் பந்தய நிறுவனத்தில் வாயிற்காப்பாளர் வேலை. 1964-இல் குடிசன் பார்க்கில் அவருக்காக ஒரு நிதி ஆட்டம் நடந்தது, 36,000 பேர் வந்தார்கள். 1976-இல் ரத்தக்கட்டியால் வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

1980 மார்ச் 1. குடிசன் பார்க்கில் எவர்டன்-லிவர்பூல் டெர்பி. மதிய விருந்தில் லிவர்பூலின் முன்னாள் மேனேஜர் பில் ஷாங்க்லி எழுந்து டீனைப் புகழ்ந்து பேசினார். ஆட்டம் முடியும் தறுவாயில், அதே மைதானத்தில் மாரடைப்பு. வயது 73. எவர்டன் அன்று 1-2 என்று தோற்றது.

ஒரு முறைகூட எச்சரிக்கப்பட்டதோ வெளியேற்றப்பட்டதோ இல்லை என்பது உண்மையா?

உண்மை. அவர் வாங்கிய உதைகளைக் கணக்கில் எடுத்தால் நம்ப முடியாத விஷயம்.

அவர் ஆடியதைப் பார்க்க ஏதாவது படச்சுருள் இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது. 1933 இறுதி ஆட்டத்தின் செய்திச் சுருளை இணையத்தில் தேடினால் கிடைக்கும். கறுப்பு வெள்ளை, கேமரா தூரத்தில், பந்து பல இடங்களில் கண்ணுக்கே தெரியாது. முதல் தடவை பார்க்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இரண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு எவர்டனின் 9-ஆம் எண்ணை மட்டும் பின்தொடர்ந்தேன். நீங்களும் அப்படிப் பாருங்கள்.